மழையின் முதுகுப்புறம் ஒரு வீடு

1

நம்முடன் பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து படித்த நண்பர் ஒருவர் இருபது ஆண்டுகளாகக் கலிஃபோர்னியாவில் வாழ்கிறார். இப்போது வடக்கே, வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிபெயர முடிவு செய்திருக்கிறார். மகள் சியாட்டிலில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அவருடைய வேலையோ எங்கிருந்தும் செய்யத்தக்கது. காட்டுத்தீப் புகையும், தண்ணீர்ப் பஞ்சமும், வீட்டு விலையும் அவருக்குச் சலித்துவிட்டன. இம்முடிவில் குறை காண நமக்கு ஒன்றுமில்லை. இடம் பெயர்தல் மனிதனின் பழைய உரிமை. நம் இலக்கியத்தின் பாதி அதைப் பற்றியதுதான்.

ஆனால் நண்பர் தொலைபேசியில் அடுத்துச் சொன்னதுதான் நம்மை எழுதத் தூண்டியது. பசிபிக் வடமேற்கு என்றாலே மழை. அதை அவர் அறிவார். எனவே அந்த மழை நாட்டுக்குள் மழை பெய்யாத ஓர் ஊரைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். ஒலிம்பிக் தீபகற்பத்தின் வடகிழக்கில் உள்ள சிற்றூர், பெயர் ஸ்குயிம். எழுத்தில் ஒரு உயிரெழுத்து கூடுதலாக உண்டு, உச்சரிப்பில் இல்லை. "மழை நாட்டுக்குத்தான் போறேன், ஆனா நனையப் போறதில்லப்பா. எப்படி நம்ம கணக்கு?" என்று கேட்டுச் சிரித்தார்.

இக்கட்டுரை அந்தச் சிரிப்புக்கு எழுதும் மறுப்பு. நண்பர் தனி ஆள் அல்லர். குடிபெயர்வோருக்கு வழிகாட்டும் எழுத்து என்று ஒரு வகை உலகெங்கும் பெருகியிருக்கிறது. ஊர்களை வரிசைப்படுத்துவார்கள், ஒவ்வொன்றுக்கும் வெயில் நாட்கள் இத்தனை, மழை இத்தனை அங்குலம், வீட்டு விலை இவ்வளவு என்று கட்டம் போடுவார்கள். பசுமை வேண்டும், பசுமையை உண்டாக்கும் மழை வேண்டாம் என்பவருக்கு அக்கட்டங்களில் எப்போதும் ஒரு விடை கிடைத்துவிடும். அந்த விடை மூன்று வகையில் பொய் என்பது நம் துணிபு. அது வானத்தைப் பற்றிப் பொய் சொல்கிறது. தண்ணீரைப் பற்றிப் பொய் சொல்கிறது. வாழ்தல் என்பதைப் பற்றியும் பொய் சொல்கிறது.

2

முதலில் வானம்.

சியாட்டில் மழை நகரம் என்பது உலகப் புகழ். அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 38 அங்குலம்; நம் கணக்கில் ஆயிரம் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சென்னையின் சராசரி 1,400 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. அதாவது, வெயிலுக்குப் பெயர்போன நம் தலைநகரம் மழைக்குப் பெயர்போன அவர்கள் நகரத்தைவிட அதிக மழை பெறுகிறது. சென்னைக்கு மழை வந்தால் படையெடுத்து வருகிறது. நான்கு நாளில் நான்கு மாதத்து மழையைக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. சியாட்டிலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 150 நாட்கள் தூறிக்கொண்டே இருக்கிறது. அங்குள்ளோர் வெறுப்பது நீரின் அளவை அன்று. சாம்பல் நிற வானத்தின் நீளத்தை. அந்த மழைகூட இலையுதிர்காலத்தின் நடுவிலிருந்து வசந்தம் வரைதான். ஜூலை, ஆகஸ்டு இரண்டு மாதமும் சேர்த்துப் பார்த்தால் சியாட்டிலில் சராசரியாக 2 அங்குலமும் பெய்வதில்லை. வெயிலைத் தேடி மழை நாட்டை விட்டு ஓட வேண்டியதில்லை. கோடை வரும்வரை காத்திருந்தால் போதும்.

இனி ஸ்குயிமுக்கு வருவோம். அங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 16 அங்குலம், 400 மில்லிமீட்டர். லாஸ் ஏஞ்சல்ஸ் பெறும் மழைக்கு ஏறக்குறைய நிகர். நம் மதுரை பெறுவதில் பாதிகூட இல்லை. அப்பகுதியில் சப்பாத்திக்கள்ளி இயற்கையாக முளைக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இவை உண்மைகள். இவற்றை வைத்துக் கட்டப்படும் முடிவுதான் உண்மையன்று. மழை குறைவு என்பது ஒன்று, வெயில் மிகுதி என்பது வேறொன்று. மேகம் தன் நீரை வேறிடத்தில் இறக்கிவிட்டு வெறும் போர்வையாக வந்து நின்றாலும் வானம் மூடித்தான் இருக்கும். அந்த ஊருக்கு மேலே நீல வானம் திறக்கும் நாட்கள் சுற்றுப்புறத்தைவிடக் கூடுதல்தான். ஆனால் மழை குறைந்த அதே விகிதத்தில் வெயில் கூடிவிடுவதில்லை.

மேலும் அவ்வூர் நிலநடுக்கோட்டிலிருந்து 48 பாகை வடக்கே இருக்கிறது. டிசம்பர் இறுதியில் பகல்பொழுது எட்டேகால் மணி நேரம். நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேல் 18 பாகை அளவே ஏறும். நம்மூரில் காலை எட்டு மணிச் சூரியன் நிற்கும் உயரத்தைச் சற்றே ஒத்தது அது. ஜூலை மாதத்து உச்சி வெப்பம் சராசரியாக 21, 22 டிகிரி செல்சியஸ்; மதுரைக்காரர் ஒருவர் தை மாதத்து விடியற்காலையில் உணரும் இதம். இதைக் 'கதிரவன் ஊர்' என்று விற்பவர்களும் பொய் சொல்லவில்லை, சுற்றிலும் உள்ளதோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். வாங்குகிறவர்தான் ஒப்பீட்டை மறந்துவிட்டு, கலிஃபோர்னியாவின் வெயிலைக் கையோடு கொண்டுபோகலாம் என்று நம்புகிறார். அங்குலத்தைப் படித்தவர் அட்சரேகையைப் படிக்கவில்லை.

3

இரண்டாவது, தண்ணீர். நம் சினத்துக்குரிய இடம் இதுதான்.

ஸ்குயிமில் மழை குறைவதற்குக் காரணம் அவ்வூருக்குத் தென்மேற்கே நிற்கும் ஒலிம்பிக் மலைத்தொடர். பசிபிக் கடலிலிருந்து ஈரக்காற்று வருகிறது. மலையில் மோதி மேலேறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிரக் குளிர அதன் ஈரம் மழையாகவும் பனியாகவும் இறங்குகிறது. மேற்குச் சரிவின் ஹோ மழைக்காட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 140 அங்குலம், 3,500 மில்லிமீட்டர் பெய்கிறது. மரங்களின் கிளைதோறும் பாசி தொங்கும் காடு அது. மலையுச்சியைக் கடந்த காற்று மறுபக்கம் இறங்கும்போது அழுத்தப்பட்டுச் சூடேறுகிறது. எஞ்சிய ஈரமும் மேகமாகத் திரள முடியாமல் கரைகிறது. அவ்வாறு இறங்கும் காற்றின் அடியில் இருக்கிறது ஸ்குயிம். ஹோ காட்டுக்கும் இவ்வூருக்கும் நேர்கோட்டில் 70 கிலோமீட்டருக்குள்தான் தொலைவு. அந்த 3,500தான் இந்த 400ஐ உண்டாக்குகிறது. இது தனக்கென ஒரு வானிலை பெற்ற ஊர் அன்று; ஒரே வானிலையின் முதுகுப்புறம்.

சரி, 400 மில்லிமீட்டர் மழையில் பச்சைப் புல்வெளியும் ஊதா நிற லாவண்டர்த் தோட்டங்களும் எப்படி வந்தன? வாழ்வோர் கிணற்றில் நீர் எங்கிருந்து ஊறுகிறது? வழிகாட்டி எழுத்துகள் வாய் திறக்காத கேள்வி இது.

விடை டஞ்சனெஸ் ஆறு. ஒலிம்பிக் மலையின் பனியிலும் மழையிலும் பிறந்து, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மட்டுமே ஓடி, ஹுவான் டி ஃபூக்கா நீரிணையில் விழும் சிற்றாறு, செங்குத்தாக இறங்குவது. குடியேறிகள் வந்த தொடக்கத்தில் ஸ்குயிம் சமவெளி காய்ந்த புல்வெளியாகவே கிடந்தது. 1895இல் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டத் தொடங்கினார்கள்; 1896 மே மாதம் அதில் தண்ணீர் வந்தது. அந்த ஆண்டு முதல் மே மாதந்தோறும் பாசன விழா எடுக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்திலேயே இடைவிடாது நடந்துவரும் மிகப் பழைய விழா அதுதான். நண்பர் காட்டிய பசுமை, வாய்க்கால் போட்ட பிச்சை. லாவண்டர்கூட 1990களில் பால்பண்ணைகள் அருகி, விளைநிலங்கள் வீட்டுமனைகளாகத் தொடங்கிய பிறகு, மண்ணை உழவிலேயே நிறுத்திவைக்கச் சிலர் கைக்கொண்ட பயிர். குறைந்த நீரில் வாழும் மத்திய தரைக்கடல் செடி. அதைப் பார்த்து மயங்கி வருகிறவர்களே அந்த விளைநிலத்தை மனையாக்கி வாங்குகிறார்கள்.

2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அச்சிற்றூரின் மக்கள்தொகை 4,334, 2020இல் 8,018. நகர எல்லைக்கு வெளியே குடியேறியவர்கள் இக்கணக்கில் சேரார். அவர்களில் பலருக்குத் தனிக் கிணறு. இங்கே ஒரு நுட்பம் உண்டு. நம் ஊர் ஏரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். கரையும் தளமும் பூசப்படாத மண் வாய்க்கால் கசியும். அக்கசிவுதான் ஆழமற்ற கிணறுகளை நிரப்பி வந்தது. ஆற்றில் மீனுக்கு நீர் போதவில்லை என்று வாய்க்கால்களைக் குழாய்களாக மாற்றத் தொடங்கியபோது, ஆற்றுக்கு நீர் மிஞ்சியது. கிணற்றுக்குக் கசிவு குறைந்தது. ஒரு சொட்டை இரண்டு பேர் தம்முடையது என்று எண்ணி வந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. 2013 ஜனவரி முதல் அவ்வாற்றுப் படுகையில் புதிய கிணறு தோண்டுவோர் தாம் எடுக்கும் நீருக்கு ஈடு காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. வெயில் நாட்களின் எண்ணிக்கையைத் தடித்த எழுத்தில் அச்சிடுவோர் இந்த விதியைச் சிறிய எழுத்திலாவது அச்சிட்டதுண்டா?

மீனைப் பற்றிச் சொன்னோம். டஞ்சனெஸ் ஆற்றுக்குத் திரும்பிவரும் சினூக் வகைச் சால்மன், அழியும் ஆபத்தை எதிர்நோக்கும் இனமாக 1999இல் அமெரிக்க அரசால் பட்டியலிடப்பட்டது. கடலிலிருந்து தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி, அங்கே முட்டையிட்டு மடிகிற உயிர் அது. கோடையின் இறுதியில், ஆற்றில் நீர் மிகக் குறையும்போதுதான் அது வருகிறது. புல்வெளிக்கும் தோட்டத்துக்கும் மிகுதியாக நீர் வேண்டியிருப்பதும் அப்போதுதான். இருவருக்கும் ஒரே மாதத்தில் தாகம்.

அம்மீனை நம்பி வாழ்ந்த மக்கள் இன்னமும் அங்கே இருக்கிறார்கள். ஸ்க்லாலம் மக்கள். 1855 ஒப்பந்தத்தில் தம் நிலத்தைக் கையளித்துவிட்டு வேறிடம் போகப் பணிக்கப்பட்டவர்கள். போக மறுத்த சில குடும்பங்கள், 1874இல் 500 டாலர் பெறுமானப் பொற்காசுகளைச் சேர்த்து, டஞ்சனெஸ் அருகே 210 ஏக்கரைத் தம் சொந்த மண்ணிலேயே விலைகொடுத்து வாங்கின. ஜேம்ஸ்டவுன் என்று பெயர்பெற்ற அந்தச் சமூகத்தை நடுவண் அரசு பழங்குடி அரசாக ஏற்க 1981 வரை ஆயிற்று. தம் நிலத்தில் தாமே குடியேறியாக வேண்டியிருந்த அம்மக்களின் கதைக்குப் பக்கத்தில், "வெயில் நன்றாக இருந்தது, வாங்கினோம்" என்ற நம் நண்பரின் கதையை வைத்துப் பாருங்கள். இரண்டும் நிலம் வாங்கிய கதைதான்.

4

'இது உமக்கு எதற்கு? அமெரிக்க ஊர் ஒன்றின் கிணற்று வழக்கில் தமிழாசிரியருக்கு என்ன வேலை?' என்று கேட்கலாம். உரிய கேள்வி.

நம் பாடநூல்கள் இவ்வகை நிலத்தை 'மழை மறைவுப் பகுதி' என்று அழைக்கின்றன. மழை மறைக்கப்பட்ட இடம். ஒரு குறையைச் சொல்லும் பெயர். எந்தத் தமிழ் மாணவனும் இச்சொல்லைக் கேட்டுவிட்டு, 'அங்கே குடியேறலாமே' என்று சொன்னதில்லை. காரணம், அவன் குடியிருப்பதே அங்குதான். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றை வாங்கிக்கொண்டு கேரளத்தில் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் பெய்விக்கிறது. மறுபுறம் இறங்கும் காற்றில் நமக்குக் கிடைப்பது வெக்கையும் புழுதியும். தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி 900 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் கொடை. ஆரியங்காவு, பாலக்காட்டுக் கணவாய்களை ஒட்டிய பகுதிகள் நீங்கலாக, நாம் எல்லோரும் ஒரு பெரிய ஸ்குயிமில்தான் வாழ்கிறோம். அதை யாரும் நமக்கு அழகிய விளம்பரத்தாளில் அச்சிட்டு விற்கவில்லை, அவ்வளவே.

ஆகவே மழைக்குப் பின்புறம் வாழ்தல் என்றால் என்ன என்பதைப் பிறர் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் தஞ்சைச் சமவெளியில் என்ன பெரிய மழை பெய்கிறது? ஆயினும் பதினெட்டாம் பெருக்குக்குப் பெண்கள் முளைப்பாரியும் காதோலை கருகமணியும் ஏந்தி ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். குடகு மலையில் பெய்த மழையைக் காவிரிக் கரையில் வணங்குகிறார்கள். நம் தலையில் ஒரு துளியும் விழாத மழைக்கு நன்றி சொல்லும் விழா அது. ஸ்குயிமின் பாசன விழாவும் தன் தொடக்கத்தில் அதே பொருளுடையதுதான்: 'இந்த நீர் எங்கள் வானத்திலிருந்து வரவில்லை' என்று ஊரே கூடி ஒப்புக்கொள்வது. அந்த ஊரின் பழைய உழவர்கள்மீது நமக்கு எவ்வித மனத்தாங்கலும் இல்லை. அவர்கள் கடன்பட்டவர்கள், கடனை ஆண்டுதோறும் ஊரறியச் சொன்னவர்கள். விளம்பரத்தைப் படித்துவிட்டு வருகிறவருக்குத் தான் கடன்பட்டிருப்பதே தெரியாது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. டஞ்சனெஸ் வாய்க்கால் வெட்டத் தொடங்கிய அதே 1895இல்தான், அக்டோபர் மாதத்தில், பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணை திறக்கப்பட்டது. மேற்கே அரபிக்கடலுக்குப் போன நீரை மலையைக் குடைந்து கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பினார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் இன்று அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். அந்நீரைப் பற்றி இரு மாநிலங்களும் ஒரு நூற்றாண்டைக் கடந்தும் வழக்காடி வருவதையும் நாம் அறிவோம். மழை மறைவில் வாழ்கிறவனுக்கு நீர் ஒருபோதும் சும்மா வருவதில்லை. விழாவாகவோ வழக்காகவோ அது தன் பிறப்பிடத்தை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். இந்த நினைவை மூன்று தலைமுறையாகச் சுமந்த தேனி மாவட்டத்துக் குடும்பத்திலிருந்து போனவர்தான் நம் நண்பர். அவரே 'நனையப் போறதில்லை' என்று சிரிக்கிறார் என்பதுதான் நமக்கு உறுத்துகிறது.

5

மூன்றாவது, வாழ்தல்.

பழந்தமிழர் நிலத்தைப் பிரித்தபோது வெறும் மண்ணைப் பிரிக்கவில்லை; அதனோடு பெரும்பொழுதையும் சிறுபொழுதையும் சேர்த்தே பிரித்தார்கள். முல்லைக்குக் கார்காலமும் மாலையும். நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு பொழுதைக் கழற்றிவிடும் உரிமை எந்தப் புலவனுக்கும் தரப்படவில்லை. கார்காலம் இல்லாத முல்லை வேண்டும் என்று ஒரு தலைவி கேட்டிருந்தால், அவள் காத்திருப்பதற்கே பொருளின்றிப் போயிருக்கும்; தலைவன் திரும்பிவருவதாகச் சொன்ன பருவம் அதுதானே. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் சொல்வதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் நடத்துகிறோம். அது வறட்சியைப் பற்றியது மட்டும்தான் என்று இதுவரை எண்ணியிருந்தோம். காடும் மலையும் பச்சையாகவே இருக்க, அவற்றோடு நமக்குள்ள உறவு மட்டும் வறண்டுபோவதும் பாலையாகலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்நூலின் மங்கல வாழ்த்து திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் வரிசையாகப் போற்றுகிறது. ஞாயிற்றைப் போற்றியவர் மழையை விலக்கவில்லை. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரத்தையே மழைக்குத் தந்தார். வெயிலா மழையா என்று கேட்டுத் தேர்ந்துகொள்வது நம் மரபில் இல்லாத பழக்கம். தட்பவெப்பம் என்பது நாம் குடியிருக்கும் பெரிய வீடு. அதன் ஓர் அறையை மட்டும் வாங்குவதாக நினைப்பவர், மற்ற அறைகளில் தீப்பிடித்தால் தமக்குச் சுடாது என்றும் நினைப்பார்.

தீயும் பிடித்தது. 2015இல் ஒலிம்பிக் மலையில் பனி பெயரளவுக்கே தங்கியது. பெய்ய வேண்டிய பனி மழையாகப் பெய்து குளிர்காலத்திலேயே ஓடிவிட்டது. மே மாதத்தில் வாஷிங்டன் மாநிலம் முழுமைக்கும் வறட்சி அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு குயீட்ஸ் பள்ளத்தாக்கின் மழைக்காட்டிலேயே தீப்பற்றி மாதக்கணக்கில் எரிந்தது. பாசி தொங்கும் காடு எரிந்தது! மழைப் பக்கம் வறண்டால் வெயில் பக்கத்துக்கு ஆறு இல்லை. ஆறு இல்லாவிடில் விளம்பரத்தாளின் பச்சை இல்லை. ஒலிம்பிக் மலையின் பனியாறுகள் 2070 வாக்கில் பெரும்பாலும் மறைந்துவிடக்கூடும் என்று 2022இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. இன்று அங்கே முப்பதாண்டுக் கடனில் வீடு வாங்குகிறவர், கடன் தீர்ந்து சற்று மூச்சு விடும் காலம் அது.

ஓய்வை நாடி வருவோர் ஓரூரில் குவியும்போது நிகழும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெளியூர்ப் பணத்தோடு வருகிறவர் மனையின் விலையை ஏற்றுகிறார். அவருக்கு முதுமையில் ஊசி போடவும், வீட்டுக்கூரை மாற்றவும், கடையில் பொருள் எடுத்துக் கொடுக்கவும் வேண்டிய இளைஞர், அதே ஊரில் வாடகை கொடுத்து இருக்க முடியாமல் தொலைவுக்குப் போகிறார். இது ஸ்குயிமுக்கு மட்டும் உரியதன்று. நம் கொடைக்கானலிலும் நடக்கிறது. அஞ்சுநாட்டின் மறையூர், காந்தளூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். மூணாறு நனைந்து கிடக்க, அதற்கு வடகிழக்கே மழை மறைவில் சந்தனமும் கரும்பும் வளரும் கேரளத்துச் சிறு நிலம். தமிழ் பேசும் பழங்குடிகளும் வேளாளரும் வாழும் ஊர்கள். இப்போது அங்கும் 'மழை நாட்டில் வெயில்' என்பது தங்கும் விடுதிகளின் விற்பனைச் சொல்லாகிவிட்டது.

6

எதிர்வாதங்களை நாம் மறைக்க விரும்பவில்லை. நண்பர் இரண்டைச் சொன்னார்.

முதலாவது: "என் மனைவிக்கு மூட்டுவலி. ஆறு மாதம் இருட்டிலும் ஈரத்திலும் இருந்தால் மனமே நொந்துபோகும் என்கிறாள். வெயில் வேண்டும் என்று கேட்பது பாவமா?" பாவமன்று. குளிர்கால இருளில் உளச்சோர்வு வருவது மருத்துவம் ஒப்புக்கொண்ட துன்பம். நோய்க்கு மருந்து தேடுபவரை நோக்கி இக்கட்டுரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால், மருந்து வேண்டும் என்பவர் மருந்து அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? குளிர்கால இருளுக்கு முதற்காரணம் அட்சரேகை. மலை மறைவு அதை மாற்றாது. பதினெட்டுப் பாகைச் சூரியன் ஸ்குயிமிலும் பதினெட்டுப் பாகைதான். ஜூலையில் போய் லாவண்டர்த் தோட்டத்தில் நின்று படமெடுத்துவிட்டு முன்பணம் கொடுப்பவர், ஜனவரிக்காகத்தான் அந்த வீட்டை வாங்குகிறார் என்பதை மறந்துவிடுகிறார்.

இரண்டாவது: "நான் ஒருவன் போகாவிட்டால் அந்த வீட்டை இன்னொருவன் வாங்குவான். ஆற்றுக்கு என்ன லாபம்?" இது வலுவான வாதம், இதற்கு முழு விடை நம்மிடம் இல்லை. இல்லை என்பதற்காக, போகிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு போகலாம் என்று ஆகிவிடாது. போகாதே என்று நாம் சொல்லவில்லை. தெரிந்து போ என்கிறோம். கிணற்று நீரின் கணக்கைத் தெரிந்து வாங்குகிறவர், ஏக்கர் கணக்கில் புல்வெளி வளர்க்கமாட்டார். வாய்க்காலைக் குழாயாக்கும் கூட்டம் நடந்தால் போய் உட்காருவார். மே மாத விழாவை வேடிக்கையாகப் பாராமல், தான் ஏன் அதில் நிற்க வேண்டும் என்று அறிந்து நிற்பார். ஆற்றுக்கு லாபம் அவ்வளவுதான். ஆனால் அது சிறிதன்று. காவிரியில் ஆடிப்பெருக்கு கொண்டாடும் பெண்ணும் ஆற்றுக்கு நீரைக் கூட்டிவிடுவதில்லை. ஆற்றை மறக்காத ஒரு கரையை அவள் உண்டாக்குகிறாள்.

ஆகவே குடிபெயர்வோருக்கு வழிகாட்டும் எழுத்தாளர்களிடம் நாம் கேட்பது இது. உங்கள் கட்டங்களில் வெயில் நாட்கள் இருக்கட்டும், மழை அங்குலமும் இருக்கட்டும். அவற்றோடு இன்னும் மூன்று வினாக்களையும் எழுதுங்கள்: இவ்வூர்க் குழாயில் வரும் நீர் யார் தலையில் பெய்தது? அதை இதற்கு முன் யார் பயன்படுத்தினார்கள், இப்போது யார் விட்டுக்கொடுக்கிறார்கள்? நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இங்கே ஒருவர் எப்படி வாழ்வார்? இம்மூன்றுக்கும் விடை சொல்லாத பட்டியல் விற்பனைத் தரகருடையது. அதை எழுத்தாளர் தம் பெயரில் வெளியிட வேண்டியதில்லை.

நண்பருக்கும் இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொன்னோம். "வாத்தியார் ஆனதும் உனக்கு எல்லாரும் மாணவனாத் தெரியறாங்கடா" என்றார். கோபம்தான். இரண்டு நாள் கழித்து அவரே அழைத்தார். வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார். நவம்பரில் அவ்வூரில் நான்கு மாதத்துக்கு வாடகை வீடு பார்த்திருக்கிறார். கிணற்று விதியைப் பற்றித் தரகரிடம் கேட்டபோது, "பொதுவாக யாரும் இதை முதலில் கேட்பதில்லை" என்று பதில் வந்ததாம். மற்றபடி நம் வாதத்தை அவர் ஏற்கவில்லை. வெயில் கேட்பது குற்றமில்லை என்பதில் உறுதியாக இருக்கிறார். மார்ச் மாதம் விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பக்கத்து நியாயத்தையும் வாசகர்கள் அறிய வேண்டும் என்பதால், எழுதினால் இங்கேயே வெளியிடுவோம்.